தாம்பூலம் வாங்கிய தொண்டை

ஆரணித் தொகுதியில் ஜெயிக்க வேண்டுமானால் மூன்று பேருடைய தயவு வேண்டும் என்று எங்கள் ஊரில் ஒரு பேச்சு உண்டு. ஒன்று கட்சி மேலிடம். இரண்டு வாக்காளர். மூன்று தேவகுமார் நயினார். முதல் இரண்டும் எல்லாத் தொகுதிக்கும் பொது. மூன்றாவது எங்களுக்கு மட்டுமே வாய்த்தது. அதில் எங்களுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

ஆளைப் பார்த்தால் ஊதினால் பறந்துவிடுவார் போலிருப்பார். அறுபதைத் தாண்டிய வயது, ஒட்டிய கன்னம், வெள்ளை வேட்டி. ஆனால் மைக்கைக் கையில் கொடுத்துப் பாருங்கள். நாலு தெரு தள்ளித் தறியில் உட்கார்ந்திருப்பவன் நாடாவை நிறுத்திவிட்டுக் காது கொடுப்பான். சாதாரண நாட்களில் பட்டுக்கடைத் தள்ளுபடி, ஆடிக் கூழ், கண் சிகிச்சை முகாம் என்று எது வந்தாலும் சொல்வார். ஒரு சமயம் காணாமல் போன வெள்ளாட்டுக்கு அறிவிப்புச் செய்தார். அந்த ஆட்டின் குணநலன்களை அவர் வர்ணித்ததைக் கேட்டு, திருடியவனே மனம் உருகிப்போய் ராவோடு ராவாகக் கொண்டுவந்து கட்டிவிட்டுப் போனான் என்பார்கள். நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். ஆடு திரும்பி வந்தது நிஜம்.

தேர்தல் வந்துவிட்டால் அவருக்கு ஒரு முறைமை உண்டு. வேட்பாளர் வீட்டுக்கு வந்து தட்டில் வெற்றிலை பாக்கு, பழம் வைத்துக் கொடுக்க வேண்டும். யார் முதலில் வருகிறாரோ அவருக்குத் தொண்டை. ஒரு தேர்தலுக்கு ஒரே தாம்பூலம். அதை வாங்கிவிட்டால் அடுத்து யார் தங்கத்தட்டோடு வந்தாலும் மோர் கொடுத்து அனுப்பிவிடுவார். எந்தக் கட்சி, என்ன கொள்கை என்றெல்லாம் பார்ப்பதில்லை. கேட்டால், "நான் தொண்டன் இல்லீங்க, தொண்டை" என்பார்.

இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. அவர் சமணர். பொழுது சாய்ந்துவிட்டால் ஒரு பருக்கை உள்ளே போகாது. பிரசாரம் சூடு பிடிப்பதோ வெயில் தாழ்ந்த பிறகு. ஆகவே நாற்பது வருஷமாக எந்தக் கட்சி ஜீப்பாக இருந்தாலும் சரி, சூரியன் விழுமுன் ஓரமாக நிற்கும். நயினார் சாப்பிடுவார். நாளைக்குச் சட்டசபையில் உட்காரப்போகிற மனிதர் கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பார்.

முதன்முதலில் அவரை அழைத்துப்போனவர் ஒரு பள்ளிக்கூட வாத்தியார். பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, ழகரம் தவறும்போதெல்லாம் தேவகுமாரின் தொடையில் கிள்ளுவார். வாத்தியார் ஜெயித்தபோது ஊரே குதித்தது. தேவகுமாரால் மட்டும் குதிக்க முடியவில்லை, தொடை அவ்வளவு கன்றிப்போயிருந்தது. அடுத்து வந்தவர் களம்பூரில் நெல் ஆலை வைத்திருந்தவர். சாப்பாட்டுப் பிரியர். நயினார் கேரியரைத் திறந்தால் போதும், "வாசனை தூக்குதே நைனாரே, ஒரே ஒரு கவளம்" என்று கையை நீட்டுவார். அந்தத் தேர்தல் முடிவதற்குள் தேவகுமாரின் மனைவி ரத்னாவதி மூன்று அடுக்குக் கேரியரை ஐந்தடுக்காக மாற்ற வேண்டியதாயிற்று. அவருக்கும் பிறகு ஒரு வக்கீல். அவருக்கு நேரத்தை வீணாக்குவது பிடிக்காது. மலைக்குப் பின்னால் சூரியன் இறங்குவதைக் காட்டி நயினார் ஜீப்பை நிறுத்தச் சொன்னால், "அது மறைஞ்சதுதான் நைனாரே, விழல. மலைக்கு அந்தாண்ட கண்ணமங்கலத்துல இன்னும் வெயில் அடிச்சிகினு இருக்கு. மறைவு வேற, அஸ்தமனம் வேற" என்று வழக்காடுவார். நயினார் பதில் பேசாமல் கேரியரைத் திறந்துவிடுவார். வக்கீல் வாழ்க்கையில் தோற்ற ஒரே வழக்கு அது.

இடையில் தாம்பூலம் கொடுத்த இரண்டு பேர் மண்ணைக் கவ்வியதும் உண்டு. தொண்டையால் மட்டும் ஓட்டு விழுமா என்ன?

அந்தக் கேரியரைக் கொண்டுவந்தவள்தான் ஸ்ருதி, அவருடைய ஒரே மகள். ஜீப் சேவூரில் நின்றாலும் முள்ளிப்பட்டில் நின்றாலும், பள்ளிக்கூடம் விட்டதும் சைக்கிளில் கேரியரை மாட்டிக்கொண்டு பின்னாலேயே வந்துவிடுவாள். அப்பா சாப்பிட்டு முடிக்கும் வரை அவளுக்கு வேறு வேலை? வேட்பாளர்களின் வாயைப் பார்த்துக்கொண்டிருப்பாள். இப்படியே ஒரு பெண் தேர்தலுக்குத் தேர்தல் வளர்ந்தால் என்ன ஆகும்? தொகுதியில் எந்தத் தெருவில் எந்தக் குழாயில் தண்ணீர் வராது என்பது அவளுக்கு மனப்பாடம். யார் எந்தப் பாலத்தை எத்தனை தடவை கட்டித் தருவதாகச் சொன்னார்கள் என்பது அதைவிட மனப்பாடம். பாவாடை சட்டை போட்ட வயதிலேயே ஆலைக்காரரிடம், "போன தடவ வந்தவரும் இதே பாலத்ததான் சொன்னாரு" என்றிருக்கிறாள். ஆலைக்காரருக்குக் கவளம் தொண்டையில் சிக்கிக்கொண்டது.

வளர்ந்து சட்டம் படித்தாள், கட்சியில் சேர்ந்தாள், வார்டு கவுன்சிலர் ஆனாள். இந்தச் சட்டமன்றத் தேர்தலுக்கு எல்லோரையும் போல அவளும் விருப்ப மனு கொடுத்திருந்தாள். வீட்டில் சொல்லியும் இருந்தாள். தேவகுமார் சிரித்துக்கொண்டே, "குடுத்து வையி, நல்லதுதான்" என்றார். சீட்டு கிடைக்கும் என்று அவர் கனவில்கூட நினைக்கவில்லை. பண பலம் இல்லை, ஆள் பலம் இல்லை, சமண வீடுகள் ஊரில் எண்ணிக்கையிலும் அதிகம் இல்லை. நாற்பது வருஷம் அரசியலை ஜீப்பிலிருந்து பார்த்தவருக்கு இது தெரியாதா?

ஆகவே எதிர்க்கட்சிப் பட்டியல் முதலில் வெளியாகி, அதன் வேட்பாளர் வேணுகோபால் மறுநாள் காலையிலேயே தட்டோடு வாசலில் வந்து நின்றபோது, தேவகுமார் யோசிக்கவே இல்லை. வாங்கிக்கொண்டார். வேணுகோபால் நல்ல மனிதர்தான். உரக்கடை வைத்திருக்கிறார், ஜீப்பே ஆடும்படி குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பார். அவர் படியிறங்கிப் போனதும் தேவகுமார் ஒரு வெற்றிலையை எடுத்துக் காம்பு கிள்ளிச் சுண்ணாம்பு தடவி வாயில் போட்டார். தொலைக்காட்சியில் அடுத்த பட்டியல் ஓடிக்கொண்டிருந்தது. வாயில் வெற்றிலை சிவக்கவில்லை. அதற்குள் திரையில் வந்துவிட்டது: ஆரணி, தே. ஸ்ருதி.

ரத்னாவதி கையிலிருந்த முறத்தைப் போட்டுவிட்டுக் கத்தினாள். பக்கத்து வீட்டார் ஓடிவந்தார்கள். யாரோ வெடி வைத்தார்கள். தேவகுமார் மட்டும் வாயை மூடிக்கொண்டு நின்றார். விழுங்குவதா, துப்புவதா? விழுங்கினால் ஒப்புக்கொண்டதாகும். துப்பினால் தாம்பூலத்துக்கு அவமரியாதை. ஊரே கேட்டு மயங்கிய வாய், கன்னம் உப்பியபடி, "ம்ம்... ம்ம்" என்றது.

நீதிமன்றத்திலிருந்து கறுப்புக் கோட்டோடு ஓடிவந்த ஸ்ருதி, மேசைமேலிருந்த தாம்பூலத் தட்டையும் அப்பாவின் கன்னத்தையும் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் புரிந்தது.

"வேணு அண்ணன் வந்துட்டுப் போயிட்டாரா?"

அவர் விழுங்கினார். "திருப்பிக் குடுத்துர்றேம்மா. இப்பவே போறேன்."

"மென்னு முழுங்குனத எப்படிப்பா திருப்பிக் குடுப்பீங்க? வாங்குனது வாங்குனதுதான். போய்ச் சொல்லுங்க. எனக்காக ஒரு வார்த்த கொறச்சிக்கூட சொல்லாதீங்க. அப்புறம் தேவகுமார் நயினாரு பொண்ணுக்காகத் தொழில்ல கள்ளம் பண்ணிட்டாருன்னு ஊரு பேசும்." சொல்லிவிட்டு உள்ளே போகத் திரும்பியவள் நின்றாள். குரல் கொஞ்சம் இறங்கியது. "ஆனா ஒண்ணு. ஒரு நாள் பொறுத்திருக்கலாமில்ல? எனக்குக் கிடைக்காதுன்னு முடிவே பண்ணிட்டீங்க."

அவள் சொன்னது சத்தியம். நாற்பது வருஷமாக ஊரார் வீட்டுப் பிள்ளைகளை மண்ணின் மைந்தன் என்றும் ஏழைகளின் ஏந்தல் என்றும் நம்பிச் சொன்ன மனிதர், தன் வீட்டில் இருந்தவளை நம்பவில்லை. இப்போது அவள் பேரை ஒரே ஒரு தடவை மைக்கில் சொல்லிவிட வேண்டும் என்று அவருக்கு உயிர் துடித்தது. சொல்ல முடியாது. தாம்பூலம் வாங்கியாயிற்று.

ஊருக்கோ கொண்டாட்டம். இப்படி ஒரு தேர்தலை யார் பார்த்தது? மகளுக்கு எதிராக அப்பா ஓட்டுக் கேட்கிறார்! கேட்பதற்காகவே கூட்டம் கூடியது. வேணுகோபால் கட்சிக்காரர்கள் காசு கொடுத்தாலும் ஆள் வராத தெருக்களில்கூடப் பெண்கள் வாசலுக்கு வந்தார்கள். தேவகுமாரும் குறை வைக்கவில்லை. "உழவனின் தோழன், உரத்துக்கு உரம் சேர்க்கும் உத்தமன், அண்ணன் வேணுகோபால் அவர்கள் வந்துகொண்டிருக்கிறார், வந்துகொண்டே இருக்கிறார்" என்று அவர் இழுக்கும்போது, வேணுகோபாலுக்கே தன்மேல் மரியாதை வந்துவிடும். எதிர்த்தெருவில் ஸ்ருதியின் ஆட்டோ வந்தால், தேவகுமார் கண்ணை மூடிக்கொண்டு இன்னும் உரக்கச் சொல்வார். ஸ்ருதியோ ஆட்டோவிலிருந்து எட்டிப் பார்த்து, "இன்னிக்கு ஜோரா இருக்கு!" என்று கட்டை விரலை உயர்த்துவாள். கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கும்.

ரத்னாவதி மட்டும் சிரிக்கவில்லை. விடியற்காலையில் குளியலறைக் கதவுக்குப் பின்னால், தண்ணீர் விழும் சத்தத்தோடு சத்தமாக, "அன்பு மகள்... ஆற்றல்மிகு மகள்... ஆரணியின் மகள்..." என்று அவர் முணுமுணுப்பது அவளுக்குக் கேட்டுக்கொண்டிருந்தது.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஸ்ருதி ஜெயித்தாளா இல்லையா என்று சிலர் துடிப்பது தெரிகிறது. தோற்றாள். வேணுகோபால்தான் எம்.எல்.ஏ. துடித்தவர்கள் துடிப்பை இத்துடன் அடக்கிக்கொள்ளலாம். நான் சொல்ல வந்தது பிரசாரத்தின் கடைசி நாளைப் பற்றி.

அன்றைக்கு மாலை ஆறு மணியோடு பிரசாரம் முடிய வேண்டும். ஒரு வினாடி தாண்டினாலும் மைக்கைப் பிடுங்கிவிடுவார்கள். வேணுகோபாலின் ஜீப் பழைய பஸ் நிலையத்துப் பக்கம் நின்றது; ஸ்ருதியின் ஊர்வலம் கடைத்தெருவில். இரண்டு பக்கமும் மேளம், தாரை, பூ, புழுதி. ஊரே பைத்தியம் பிடித்து ஆடியது. அந்தச் சந்தடியில்தான் ஜீப் ஓட்டுகிற குணாவுக்குத் திடீரென்று முகம் வெளுத்தது. இந்தத் தேர்தல் முழுக்க நயினாரின் கேரியரைக் கொண்டுவருவது அவன் பொறுப்பு. அன்றைக்கு மறந்துவிட்டான்.

"நைனா, மன்னிச்சிக்கோ. சாப்பாடு வூட்லயே கீது" என்றான்.

அதே நேரத்தில் வீட்டில் ரத்னாவதி சமையலறையில் தனியாக நின்ற கேரியரைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள். கைப்பேசியை எடுத்து மகளைக் கூப்பிட்டாள். "அடியே, பொழுது சாயுது. காலைலேருந்து அந்தாளு ஒண்ணும் சாப்டல. நீ ஜல்தி வா!"

வேட்பாளர் என்றும் பார்க்கவில்லை, கடைசி அரை மணி நேரம் என்றும் பார்க்கவில்லை. ஸ்ருதி மாலையைக் கழற்றி மேளக்காரர் கழுத்தில் போட்டாள். யாருடைய ஸ்கூட்டரையோ வாங்கினாள். வீட்டுக்குப் போய்க் கேரியரை எடுத்தாள். எதிர்க்கட்சிக் கூட்டத்துக்குள் நேராக நுழைந்தாள். கொடியைப் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் யார் என்று பார்த்ததும் வாயடைத்து வழி விட்டார்கள்.

"நவருங்கண்ணா, நவருங்க. சாப்பாடு ஆறிடும்."

தேவகுமார் ஜீப்பின் பின்பக்கம் உட்கார்ந்திருந்தார். வழக்கமாகச் சாப்பிடுமுன் மைக்கை அணைத்துத் துண்டால் மூடி வைப்பார். நாற்பது வருஷத்தில் ஒரு நாள் தவறியதில்லை. அன்றைக்கு மகள் முகத்தைப் பார்த்தார். மைக் மடியிலேயே கிடந்தது, உயிரோடு.

அப்புறம் பழைய பஸ் நிலையம் முழுக்க, கடைத்தெரு முழுக்க, அதற்கப்பால் அவர் வீடு இருந்த தெரு வரைக்கும், குழாய் ஒலிபெருக்கியில் இப்படிக் கேட்டது:

"இன்னாம்மா இப்படிக் கறுத்துட்ட? தொண்ட வேற கட்டிகிச்சி. மிளகு வெல்லம் வாயில அடக்கிக்கோன்னு எத்தினி தடவ சொல்லிகீறேன்?"

"நீங்க சாப்பிடுங்கப்பா. இன்னும் கொஞ்ச நேரந்தான் வெளிச்சம் இருக்கு."

"கத்தாத. கத்துனா ஓட்டு வராது. வயித்துலேருந்து பேசு. மூச்ச அடக்கி, பேரச் சொல்லும்போது மட்டும் வுடணும்." கொஞ்சம் மெல்லும் சத்தம். "உப்பே இல்ல. உங்கம்மா நேத்தும் இப்படித்தான்."

கடைத்தெருவில் மேளம் நின்றது. தாரை நின்றது. ஜனங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, சிரிப்பை அடக்க வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டார்கள். குணாவுக்குப் புரிந்துவிட்டது, ஆனால் அணைக்கக் கை நீளவில்லை. அவனும் மனிதன்தானே, கேட்க ஆசை இருக்காதா?

முன்பக்கத்திலிருந்து இறங்கி வந்த வேணுகோபாலுக்கோ மைக் அணையாமல் கிடப்பது தெரியவில்லை. அவர் சிரித்துக்கொண்டே கேட்டார்: "நைனாரே, மனசத் தொட்டுச் சொல்லுங்க. ஓட்டு எனக்கா, பாப்பாவுக்கா?"

"தலைவரே, தாம்பூலம் குடுத்தீங்க, தொண்டையக் குடுத்துட்டேன். தொண்ட உங்களுது. வெரலு என்னுது."

ஆரணி வெடித்தது. அவ்வளவு பெரிய சிரிப்பை அந்தப் பஸ் நிலையம் அதற்குமுன் கேட்டிருக்காது. தேவகுமார் நிமிர்ந்து பார்த்தார், ஒலிபெருக்கியைப் பார்த்தார், மடியைப் பார்த்தார். கவளம் கையிலேயே நின்றுவிட்டது. அவமானத்தில் செத்துவிடலாம் போலிருந்தது அவருக்கு. தாம்பூலம் கொடுத்தவரை அவருடைய ஜீப்பிலேயே, அவருடைய மைக்கிலேயே கவிழ்த்துவிட்டார்!

வேணுகோபால் ஒரு கணம் முழித்தார். அப்புறம் அவர் உடம்பு குலுங்கத் தொடங்கியது. ஜீப்பைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழியச் சிரித்தார். "போச்சு நைனாரே, என் மானம் போச்சு!" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். பிறகு மைக்கை எடுத்து நயினார் கையில் வைத்தார்.

"இன்னும் கொஞ்சம் நேரம் இருக்குது. இது என் நேரம், நான் குடுக்கிறேன். எனக்குச் சொன்னதெல்லாம் போதும். பாப்பாவப் பத்திச் சொல்லுங்க."

"வேணாங்க தலைவரே. தாம்பூலம்..."

"குடுத்தவனே சொல்றேன்."

தேவகுமார் எழுந்து நின்றார். ஸ்ருதி கேரியரின் மூடியைக் கையில் பிடித்தபடி அண்ணாந்து பார்த்தாள். அன்பு மகள், ஆற்றல்மிகு மகள் என்று விடியலில் எல்லாம் முணுமுணுத்த அடைமொழிகள் ஒன்றுகூட நாக்குக்கு வரவில்லை. வாய் திறந்தது, மூடியது. நாற்பது வருஷத்தில் முதல் தடவையாக ஆரணி ஜனங்கள் தேவகுமார் நயினாரின் மூச்சை மட்டும் ஒலிபெருக்கியில் கேட்டார்கள்.

"இது எம் பொண்ணு" என்றார். "பேரு ஸ்ருதி. சின்ன வயசுலேருந்து எனக்குச் சாப்பாடு எடுத்தாந்த பொண்ணு. நீங்கல்லாம் பாத்திருப்பீங்க. சீட்டு கெடைக்காதுன்னு நெனச்சேன். கட்சி நம்புச்சி, நீங்க நம்புனீங்க, எதிர்ல நிக்கிற இந்தத் தலைவரே நம்பிப் பயந்துகினு இருக்காரு. இந்த ஊர்ல அவள நம்பாத ஒரே ஆளு அவங்கப்பன்தான். அத இந்த மைக்லயே சொல்லிடணும்னு இருந்திச்சி. சொல்லிட்டேன்."

குரல் உடைந்தது. அவர் அதை மறைக்கவும் இல்லை. போலீஸ்காரர் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். குணா விசையை அணைத்தான். ஒலிபெருக்கி ஓய்ந்த பிறகுதான் கைதட்டல் எழுந்தது. அதில் எந்தக் கொடிக்காரன் எவன் என்று பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது.

கூட்டம் தள்ளிக் கட்டிப்பிடித்து, கையைப் பிடித்துக் குலுக்கி, அவரை விடுவதற்குள் பொழுது நன்றாகவே சாய்ந்துவிட்டது. கேரியரில் சாதம் பாதிக்குமேல் மிச்சம். இனித் தொட முடியாது. ஸ்ருதி அடுக்குகளை ஒவ்வொன்றாக மூடினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டே, "எல்லாம் சொன்னீங்களே, ஓட்டுப் போடுங்கன்னு ஒரு வார்த்த சொன்னீங்களா?" என்று சண்டைக்கு வந்தாள்.

"ஓட்டா?" தேவகுமார் ஜீப்பிலிருந்து இறங்கி மகளின் தோளைப் பிடித்துக்கொண்டார். "அந்த ஞாபகமே வரலம்மா எனக்கு."

அவள் ஸ்கூட்டரைக் கிளப்பினாள். பசித்த வயிற்றோடு பின்னால் ஏறி உட்கார்ந்து, உப்பைப் பற்றி ஊருக்கே சொன்னதற்கு ரத்னாவதி என்ன சொல்லப்போகிறாளோ என்று அவர் யோசித்துக்கொண்டே போனார்.